எல்.டி.ஆரில் புரமோட்டர் எங்கே? கண்டுபிடிக்கும் வழி

ராயபுரத்தில் என்னிடம் படிக்க வரும் எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுவேன்: நம் மரபணுத்தொகுதியில் சுமார் 8 சதவீதம் பழைய ரெட்ரோவைரஸ்களின் (தம் மரபணுவை நம் டி.என்.ஏ.வில் செருகிவிடும் வைரஸ்களின்) மிச்சம். பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். அவற்றை எழுப்புவது முனையிலுள்ள எல்.டி.ஆர், அதாவது இரு முனையிலும் திரும்ப வரும் நீளமான டி.என்.ஏ. துண்டு. அதில் யு3, ஆர், யு5 என மூன்று பகுதி. ஆர்.என்.ஏ. எழுதுவதைத் தொடங்கிவைக்கும் பகுதியான புரமோட்டர் இருப்பது யு3-இல். பல புரமோட்டர்களில் அடையாளமாக இருக்கும் டாட்டா பெட்டி என்ற எழுத்து வரிசை கிடைக்கவில்லையே என்று விட்டுவிடாதீங்க. ஹெச்.இ.ஆர்.வி-கே என்ற பழைய வைரஸ் குடும்பத்தின் எல்.டி.ஆர், டி.என்.ஏ.வில் ஒட்டி மரபணுவை இயக்கும் எஸ்பி1, எஸ்பி3 புரதங்களை வைத்தே ஓடும்.

புரமோட்டர் இல்லாத லூசிஃபெரேஸ் பிளாஸ்மிடில் (ஒளி தரும் நொதியின் மரபணு உள்ள வட்ட டி.என்.ஏ.வில்) எல்.டி.ஆரைச் சரியான திசையில் செருகி, செல்லுக்குள் விட்டு ஒளியை அளங்க. பிறகு யு3-இன் முன்பக்கத்திலிருந்து துண்டு துண்டாகக் குறைத்துக்கொண்டே வாங்க. எந்தத் துண்டைக் குறைத்ததும் ஒளி சட்டென்று விழுகிறதோ, அங்கே தேடணும். அந்த இடத்தின் இரண்டு மூன்று எழுத்தை மட்டும் மாற்றி மறுபடி பாருங்க. ஒப்பிட வெறும் பிளாஸ்மிடும், செல்லுக்குள் போன அளவைச் சரிசெய்ய ரெனில்லா என்ற இரண்டாவது ஒளி நொதியின் கணக்கும் கட்டாயம்.

செல் தேர்வில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய ரெட்ரோவைரஸிலிருந்து வந்த சின்சிட்டின்-1 மரபணு நஞ்சுக்கொடி செல்லில்தான் ஓங்கும். அதை இயக்கும் ஜிசிஎம்1 புரதம் அங்கே இருக்கிறது.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: பாக்டீரியாவில் வளர்த்த பிளாஸ்மிடில் சிபிஜி மெத்தில் (மரபணுவை அடக்கிவைக்க டி.என்.ஏ.வில் ஒட்டும் வேதிக் குறி) கிடையாது. அதனால் குரோமோசோமில் ஊமையாக இருப்பதும் பிளாஸ்மிடில் ஒளிரும். ஆகவே செல்லுக்கு அந்த மெத்திலைக் குறைக்கும் 5-அசாசைட்டிடின் மருந்து கொடுத்து, குரோமோசோமிலுள்ள எல்.டி.ஆர் தரும் ஆர்.என்.ஏ.வையும் அளந்து பாருங்க. காசிமேட்டு மீன் மாதிரி ஆர்.என்.ஏ.வும் ஐஸைவிட்டு வெளியே இருக்கக் கூடாது. டி.என்.ஏ.வை அழிக்கும் டிஎன்ஏஸ் நொதி போட்ட பிறகும், ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத ஒரு குழாயை ஓட்டுங்க. அதிலும் சிக்னல் வந்தால், நீங்க அளந்தது டி.என்.ஏ.வை.