எஸ்எஸ்ஹெச் டனலிங்: வீட்டிலிருந்தே அலுவலக டேட்டாபேஸைத் திறப்பது

எனக்கு வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரியில். ஒரே ஒரு ரிப்போர்ட்டுக்காக ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்வந்த பிறகுதான், தொலைவில் இருக்கும் கணினியைப் பாதுகாப்பாக இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக டனலிங் கற்றுக்கொண்டேன்.

டனல் என்றால் சுரங்கப்பாதை. நெட்வொர்க்கில் அதைக் கவருக்குள் கவர் என்று நினைத்துக்கொண்டால் எளிது. ஒரு தகவலை இன்னொரு பொட்டலத்துக்குள் வைத்து அனுப்புகிறோம். அடுத்த முனையில் வெளிக்கவரைப் பிரித்து, உள்ளே இருப்பதை உரிய இடத்தில் சேர்க்கிறார்கள். விபிஎன் செய்வதும் இதுதான். எஸ்எஸ்ஹெச் டனலில் உள்ளே இருப்பது குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால் வழியில் யாரும் படிக்க முடியாது. அதனால்தான் டேட்டாபேஸ் போர்ட்டை (இணைப்புகள் உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) இணையத்துக்கு நேராகத் திறந்துவிடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

முதலில் அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். சர்வரில் உங்களுக்குக் கணக்கு இருக்கிறது, மைசீக்குவல் என்ற டேட்டாபேஸ் அதே சர்வரில் 3306ஆம் போர்ட்டில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். டெர்மினலில் இதை ஆங்கில எழுத்தில் அடியுங்கள் (-என், -எல் இரண்டிலும் பெரிய எழுத்து; பெயர், சர்வர் என்ற இடங்களில் உங்கள் பயனர் பெயரும் சர்வர் முகவரியும்):

எஸ்எஸ்ஹெச் -என் -எல் 9000:லோக்கல்ஹோஸ்ட்:3306 பெயர்@சர்வர்

பாஸ்வேர்ட் கொடுத்ததும் எதுவும் வராமல் அப்படியே நிற்கும். அது சரிதான், ஜன்னலை மூடாதீர்கள். இனி உங்கள் லேப்டாப்பின் 9000ஆம் போர்ட்தான் அலுவலக டேட்டாபேஸுக்கு வாசல்.

என்னை ஓர் இரவு முழுக்க நிறுத்திவைத்தது நடுவில் இருக்கும் லோக்கல்ஹோஸ்ட், அதாவது ‘இதே கணினி’ என்ற பெயர். அது என் லேப்டாப்பைத்தான் குறிக்கிறது என்று நினைத்து, அதை எடுத்துவிட்டு சர்வரின் வெளி முகவரியைப் போட்டேன். இணைப்பு மறுக்கப்பட்டது. திரும்பத் திரும்ப அதேதான். அங்கே மைசீக்குவல் 127.0.0.1 என்ற, அதே கணினியையே குறிக்கும் முகவரியில் வருபவர்களுக்கு மட்டுமே கதவு திறக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. உள்கவரில் ‘இதே வீட்டில் இருப்பவருக்கு’ என்று எழுதினால், கவரைப் பிரிக்கிற வீட்டைத்தான் அது குறிக்கும், அனுப்பியவர் வீட்டை அல்ல. இங்கே பிரிப்பது சர்வர். ஆகவே அந்த லோக்கல்ஹோஸ்ட் என்பது சர்வரேதான்.

விண்டோஸுக்குத் தனி மென்பொருள் வேண்டாம். 2018 முதல் விண்டோஸ் 10-உடன் எஸ்எஸ்ஹெச் சேர்ந்தே வருகிறது. டிக் போட்டு அமைக்கும் மென்பொருள்களைவிட இந்த ஒற்றை வரியே மேல். எது எங்கே போகிறது என்று கண்ணெதிரே தெரிகிறது.

பின்னர் சேர்த்தது: “இணையவே இல்லை” என்று சிலர் எழுதினார்கள். ஒருவர் சின்ன எல் அடித்திருந்தார். அது பயனர் பெயருக்கானது. என், எல் இரண்டுமே பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். லினக்ஸில் இன்னொரு சிக்கல்: மைசீக்குவல் கிளையன்டில் (டேட்டாபேஸோடு பேச நம் லேப்டாப்பில் ஓடும் நிரல்) லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் அது 9000ஐப் பார்க்காமல் உள்ளூர் சாக்கெட்டை (லேப்டாப்புக்குள் மட்டுமே இயங்கும் இணைப்பு வழி) தேடிப் போய்விடும். அங்கே 127.0.0.1 என்றே கொடுங்கள். அப்புறம், சும்மா இருக்கும்போது டனல் அறுந்துபோனால் எஸ்எஸ்ஹெச் அமைப்பில் சர்வர்அலைவ்இன்டர்வெல் (எத்தனை விநாடிக்கு ஒருமுறை சர்வரைத் தட்டிப் பார்ப்பது) மதிப்பை 60 என்று வையுங்கள்.