மேல மாசி வீதி மேலே இல்லை: நான்காம் வகுப்புக்கு வரைபடம் சொல்லித்தருவது எப்படி?

முதன்முதலாக நான்காம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்தபோது, சுவரில் தமிழ்நாடு வரைபடத்தை மாட்டிவிட்டு "வடக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். முதல் பெஞ்சுப் பையன் விட்டத்தைக் காட்டினான். அவன்மேல் தப்பில்லை, சுவரில் தொங்கும் படத்தில் வடக்கு மேலேதானே இருக்கிறது? அதிலிருந்து வரைபடப் பாடத்தைத் தரையில்தான் தொடங்குகிறேன்.

தேவையானவை: ஒரு குச்சி, இரண்டு கூழாங்கல், சாக்பீஸ், அளவு நாடா, கட்டம் போட்ட கணக்கு நோட்டு.

1. நிழலை வைத்துத் திசை

சூரியன் உதிப்பது கிழக்கு என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் நேர் கிழக்கில் உதிப்பது மார்ச் 21, செப்டம்பர் 23-ஐ ஒட்டிய நாட்களில் மட்டும். உச்சிவெயில் நிழல் வடக்கே விழும் என்பதையும் நம்ப முடியாது. மதுரையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை அது தெற்கே விழும். பள்ளி திறக்கிற ஜூனில் இதைச் செய்துகாட்டப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மைதானத்தில் குச்சியை நேராக நட்டு, காலை 10.15-க்கு நிழல் நுனியில் ஒரு கல் வையுங்கள். மதியம் 2.15-க்கு நுனி எங்கே இருக்கிறதோ, அங்கே இன்னொன்று. இரண்டையும் கோட்டால் இணைத்தால் முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. கிழக்கைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் வடக்கு. அந்த வடக்கை வகுப்பறைத் தரையிலும் அம்புக்குறியாகப் போட்டுவிடுங்கள். வருஷம் முழுக்க உதவும்.

2. மேலிருந்து பார்ப்பது

ஒரு டம்ளரைத் தரையில் வைத்து, எழுந்து நின்று நேர் மேலிருந்து பார்த்து வரையச் சொல்லுங்கள். பாதிப் பேர் பக்கவாட்டில் தெரியும் டம்ளரைத்தான் வரைவார்கள். வட்டம் வரும்வரை விடாதீர்கள். அப்புறம் நாற்காலி, மேசை.

3. வகுப்பறை வரைபடம்

அறையின் நீளத்தைக் காலடியால் அளக்கச் சொல்லுங்கள். ஒருத்திக்கு 14 அடி வரும், உயரமான பையனுக்கு 11. சண்டை வரட்டும். யார் சொல்வது சரி என்று அவர்களே கேட்டபிறகு அளவு நாடாவை எடுங்கள். ஒரு மீட்டருக்கு இரண்டு கட்டம் என்று வைத்துக்கொண்டால் 6 மீட்டர் அறை 12 கட்டம். அளவை என்ற சொல்லை அப்போது சொன்னால் போதும். கதவு, ஜன்னல், மேசைக்கு ஆளுக்கொரு குறியீடு வைத்து, ஓரத்தில் விளக்கம் எழுதவேண்டும்.

4. ஊருக்குள்

மதுரைப் பிள்ளைகளுக்கு இது கொண்டாட்டம். கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக ஊரே வரைபடம் போல இருக்கிறது. ஒவ்வொன்றும் கீழ, மேல, வடக்கு, தெற்கு என்று திசையோடுதான் பெயர் வைத்திருக்கிறது. நடுவில் கோயிலைப் போட்டு, தெருக்களை நிரப்பி, வடக்கே வைகை, மேல வெளி வீதிக்கு மேற்கே ரயில் நிலையம். சிதம்பரம், தஞ்சாவூர்க்காரர்களுக்கும் மேல வீதி, கீழ வீதி உண்டு.

இங்கேதான் ஒரு வம்பு. பிள்ளைகள் மேல மாசி வீதியைத் தாளின் மேல்பக்கத்தில் எழுதுவார்கள். திருத்திவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், நல்ல பாடமே அதில்தான் இருக்கிறது. மேற்கு என்றால் மேடான பக்கம், கிழக்கு என்றால் கீழான பக்கம். வைகை மேற்கே வருசநாட்டு மலையில் பிறந்து, மதுரையைத் தாண்டி ராமநாதபுரம் பக்கம் இறங்குகிறது. ஆகவே அந்த 'மேல' நிலத்தின் மேடு, தாளின் மேல்பக்கம் அல்ல. மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில் நிலம் மேற்கே கடலை நோக்கிச் சரிகிறது, அங்கே மேற்கு மேடு இல்லை. மலையாளத்தில் மேற்குக்குப் படிஞ்ஞாறு என்று சூரியன் சாய்வதை வைத்துத்தான் பெயர்.

5. மாநில வரைபடம்

இப்போது பெரிய படத்தைத் தரையில் விரியுங்கள், அதன் வடக்கு உங்கள் அம்புக்குறியோடு பொருந்தும்படி. ஒரு பிள்ளையை மதுரையில் நிற்கவைத்து, கன்னியாகுமரி எந்தப் பக்கம் என்று கையை நீட்டச் சொல்லுங்கள். ஆறுகளின் நீலக்கோட்டை மலையிலிருந்து கடல்வரை விரலால் தடவட்டும். (செருப்பைக் கழற்றச் சொல்ல மறந்தால் படம் ஒரு நாள்கூடத் தாங்காது.)

இதெல்லாம் ஆனபிறகு படத்தைச் சுவரில் மாட்டி, அதே பழைய கேள்வியைக் கேளுங்கள். கை விட்டத்துக்குப் போனால், படத்தைக் கழற்றி மறுபடி தரைக்கு.