குவாசிமோட்டோ குரல்: மெதுவாகப் பேசி வேகமாக ஓட்டும் முறை

2000 ஜூனில் ஸ்டோன்ஸ் த்ரோ நிறுவனம் வெளியிட்ட ‘தி அன்சீன்’ ஆல்பத்தில் இரண்டு பேர் மாறி மாறி ராப் செய்வார்கள். ஒருவருக்குக் கனமான, சோம்பல் வழியும் குரல். இன்னொருவருக்கு ஹீலியம் இழுத்த மாதிரி கீச்சுக்குரல். இரண்டு பேரும் ஒரே ஆள்தான்: கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்னார்ட் ஊர்க்காரரான ஹிப்-ஹாப் இசைத் தயாரிப்பாளர் மேட்லிப். தன் சொந்தக் கனத்த குரல் அவருக்குப் பிடிக்காது. அதனால் பீட்டை மெதுவாக ஓடவிட்டு, அதன் மேல் மெதுவாக ராப் செய்து, பிறகு டேப்பைப் பழைய வேகத்துக்கு ஏற்றினார். அப்படிப் பிறந்தவர்தான் குவாசிமோட்டோ. அவர் பெயரில் வந்த முதல் ஆல்பம் இது.

இந்தக் குரலை வீட்டிலேயே, இலவச மென்பொருளில் எடுப்பது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. பீட் செய்யத் தெரியும், மைக்கை எப்படி மாட்டுவது என்பதும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

பிட்ச் எஃபெக்ட் போட்டால் போதாதா?

போதாது. கணினியின் பிட்ச் எஃபெக்ட் நீளத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் ஏற்றுகிறது. அதற்காக ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுகிறது. ‘ட’, ‘ப’, ‘க’ போன்ற வெடிப்பு ஒலிகள்தான் ராப்பின் உயிர். முதலில் மழுங்குவதும் அவைதான். வேகத்தை ஏற்றும்போது வெட்டு ஒட்டு எதுவும் கிடையாது. சுருதியோடு சேர்ந்து குரலின் நிறமும் மேலே போகும். வளர்ந்த ஆணின் குரல் பாதை தொண்டையிலிருந்து உதடு வரை சுமார் 17 செ.மீ. பதிவை 1.25 மடங்கு வேகத்தில் ஓட்டினால் அது 13.6 செ.மீ. உள்ள ஒரு சின்ன உருவத்தின் குரலாகக் காதில் விழும். உச்சரிப்பும் இயல்பை மீறிய கூர்மையோடு வரும். ஆல்பத்தில் கேட்கும் விசித்திரம் இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

தேவையானவை

ஆடாசிட்டி (இலவச ஒலிப்பதிவு மென்பொருள்), ஒரு மைக், காது முழுக்க மூடும் ஹெட்போன், 90 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 90 தட்டு) ஒரு பீட். பீட் வேவ் கோப்பாக இருக்கட்டும். எம்பி3 வேண்டாம், அதன் தொடக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் சில மில்லிவினாடி வெற்றிடம் பின்னால் தாளத்தைக் கெடுக்கும். திறந்த வகை ஹெட்போனும் வேண்டாம். மெதுவாக்கிய பீட் ஹெட்போனிலிருந்து கசிந்து மைக்கில் ஏறினால், வேகம் ஏற்றிய பின் அது அசல் பீட்டோடு கிட்டத்தட்ட ஒன்றிப்போகும். ஆனால் சில மில்லிவினாடி தள்ளி நிற்கும். விளைவு, டிரம் குழாய்க்குள் வாசிப்பது போலக் கேட்கும். கலவையில் இதைச் சரிசெய்ய வழியே இல்லை.

படி 1: பீட்டை மெதுவாக்குதல்

பீட் ட்ராக்கை நகலெடுங்கள். நகலைத் தேர்வு செய்து, எஃபெக்ட் மெனுவில் ‘சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்’ திறங்கள். பழைய பதிப்புகளில் இதன் பெயர் வெறும் ‘சேஞ்ச் ஸ்பீட்’. பக்கத்திலேயே ‘சேஞ்ச் பிட்ச்’, ‘சேஞ்ச் டெம்போ’ என்று இரண்டு இருக்கின்றன. அவை இந்த வேலைக்கு ஆகாது. மல்டிப்ளையர் பெட்டியில் 0.8 கொடுங்கள். 90 பிபிஎம் 72 ஆகும்.

படி 2: கணக்கு

பலர் விழுவது இங்கேதான். 25 சதவீதம் ஏற்ற வேண்டும் என்றால் 25 சதவீதம் குறைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று கை தானாகப் போகும். அது தவறு. 0.75 × 1.25 = 0.9375. 16 பார் (ஒரு பார் நாலு தட்டு) கொண்ட பீட் 90 பிபிஎம்மில் 42.67 வினாடி ஓடும். தப்பான கணக்கில் செய்த குரல் 45.5 வினாடி வரும். அதாவது கடைசி வரி வரும்போது ஒரு பாருக்கும் மேல் பின்தங்கியிருக்கும். முதல் இரண்டு பாரில் இது தெரியாது. நாலாவது பாரில் ‘நம்ம தாளம்தான் சரியில்லையோ’ என்று தோன்றும். திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருப்பீர்கள்.

குறைக்கும் எண்ணையும் ஏற்றும் எண்ணையும் பெருக்கினால் சரியாக 1 வர வேண்டும். அதனால்தான் நான் 0.8 / 1.25 ஜோடியை விடுவதே இல்லை. தசமம் மிச்சமில்லாமல் முடிகிறது. சதவீதப் பெட்டியில் போடுவதானால் முதலில் மைனஸ் 20, பிறகு பிளஸ் 25. இது முழுசாக 4 செமிடோன் (சுருதியின் அரைப்படி) ஆகாது, 3.86 தான். ராப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பாடுகிற இடத்திலும் பிரச்சினை வராது. நீங்கள் சேர்ந்து பாடிய பீட்டும் அதே அளவு இறங்கித்தானே இருந்தது, இரண்டும் சேர்ந்தே மேலே வரும். இன்னும் கீச்சாக வேண்டுமானால் 0.5 / 2. ஆனால் ஒரு ஆக்டேவ் (சுருதி இரண்டு மடங்கு) ஏறிவிட்டால் குரல் கார்ட்டூன் பொம்மையாகிவிடும். ஒரு வரி, இரண்டு வரிக்கு மேல் தாங்காது.

படி 3: பதிவு

அசல் பீட்டை மியூட் செய்துவிட்டு, மெதுவான பீட்டைக் கேட்டபடி பதிவு செய்யுங்கள். பதினாறாம் சுரத்தில் (ஒரு தட்டுக்கு நாலு அசை) 90 பிபிஎம்முக்கு வினாடிக்கு 6 அசை சொல்ல வேண்டும், 72-இல் 4.8 போதும். இந்த ஓய்வு உங்களை ஏமாற்றும். மெதுவான பீட்டில் உடம்பு தளர்ந்து, சொற்கள் இழுபடும். வேகம் ஏற்றிய பின்னும் அந்தத் தளர்ச்சி தெரியும். ஆகவே வேகம் குறைந்தாலும் அழுத்தம் குறையக் கூடாது. தமிழில் எழுதினால் கூடுதல் கவனம் வேண்டும்: நெடிலை மட்டும் நீட்டிக் குறிலையும் ‘ட்ட’ போன்ற இரட்டை ஒலிகளையும் வழக்கம்போல விட்டால், ஏற்றிய பின் அவை நசுங்கி ‘படு’வும் ‘பட்டு’வும் குழம்பும். எல்லா அசையையும் ஒரே விகிதத்தில் நீட்டுங்கள்.

பதிவை 0 வினாடியிலிருந்தே தொடங்குங்கள். முன்னால் உள்ள மௌனத்தை வெட்டாதீர்கள். காரணம் கீழே, பின்சேர்க்கையில்.

படி 4: ஏற்றுதல்

குரல் ட்ராக்கை மட்டும் தேர்ந்தெடுத்து, அதே எஃபெக்டில் 1.25. கண்ட்ரோல்-ஏ அடித்தால் அசல் பீட்டும் சேர்ந்து ஓடிவிடும். முடிந்ததும் நீளத்தைப் பாருங்கள்: பீட்டின் 53.33 வினாடிக்கும் பதிவு செய்திருந்தால் இப்போது 42.67 இருக்க வேண்டும். மெதுவான பீட்டை மியூட் செய்து, அசலைத் திறந்து கேளுங்கள்.

எல்லா வரியும் ஒரே அளவு பிந்திக் கேட்டால் அது கணக்குப் பிழை இல்லை, லேட்டன்சி, அதாவது ஒலி கருவி வழியாக வந்து சேர ஆகும் தாமதம். அதற்கு ஆடாசிட்டி தானாகச் செய்யும் ஈடு மைனஸ் 130 மில்லிவினாடி. உங்கள் கருவிக்கு அது பொருந்தாமல் இருக்கலாம். குரலைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினால் முடிந்தது. போகப்போகப் பிந்தினால் மட்டும் படி 2-க்குத் திரும்புங்கள்.

படி 5: சுத்தம் செய்தல், எஃபெக்ட்

எல்லாமே வேகம் ஏற்றிய பிறகுதான். 80 ஹெர்ட்ஸில் இருந்த மைக் தட்டல் இப்போது 100-இல் இருக்கும். ஹை-பாஸை (கீழ் ஒலிகளை வெட்டும் வடிகட்டி) 120 அளவில் வையுங்கள். 6,000 ஹெர்ட்ஸில் சீறிய ‘ஸ’ 7,500-க்கு ஏறியிருக்கும். சீறலை அடக்கும் டீ-எஸ்ஸரை அங்கே கொண்டுபோங்கள். மனமயக்கம் தரும் எதிரொலியை முன்பே போட்டுவிட்டால் அதன் இடைவெளியும் சுருங்கிவிடும். இப்போது போட்டால் 500 மில்லிவினாடி டிலே (எதிரொலி இடைவெளி) 90 பிபிஎம்மில் புள்ளி வைத்த எட்டாம் சுரத்தில், அதாவது முக்கால் தட்டில், கச்சிதமாக உட்காரும். விலை கொடுத்து வாங்கும் டேப் பிளகின்கள் தேவையில்லை. 9,000 ஹெர்ட்ஸுக்கு மேல் மெல்லச் சரியும் லோ-பாஸ் (மேல் ஒலிகளை வெட்டும் வடிகட்டி), கொஞ்சம் சாச்சுரேஷன் (டேப் போன்ற மெல்லிய சிதைவு), அவ்வளவுதான்.

படி 6: இரண்டாவது ஆள்

கீச்சுக்குரல் தனியாக இருந்தால் வேடிக்கை மட்டும்தான். இயல்பான குரலோடு வாக்குவாதம் செய்யும்போதுதான் அது ஒரு ஆளாகிறது. இயல்பான குரலின் வரிகளை அசல் 90 பீட்டிலேயே பதிவு செய்யுங்கள். ஒருவரை 20 சதவீதம் இடப்பக்கமும் மற்றவரை அதே அளவு வலப்பக்கமும் தள்ளுங்கள். ஆல்பத்தில் நடுநடுவே திரைப்பட இயக்குநர் மெல்வின் வான் பீபிள்ஸின் பழைய பேச்சுப் பதிவுகளும் வந்து வந்து போகும். நீங்கள் வெளியிடப் போகிறீர்கள் என்றால் அனுமதியில்லாத சாம்பிளை எடுக்காதீர்கள். நண்பர் ஒருவரைப் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள்.

பீட்டுக்கும் இதே உத்தியின் தலைகீழ் ஒன்று உண்டு. ஈமு எஸ்பி-1200 சாம்ப்ளரில் (ஒலித்துண்டுகளைப் பதிந்து பீட் செய்யும் கருவி) மொத்தம் சுமார் 10 வினாடிதான் ஏற்ற முடியும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய வினைல் தட்டை 45-இல் ஓட்டிப் பதிந்தால் 13.5 வினாடி இசை அடங்கும். பிறகு உள்ளே சுருதியை இறக்கும்போது 12-பிட் கரகரப்பு வரும். ஆடாசிட்டியின் அதே எஃபெக்டில் 33⅓, 45 என்ற தட்டு வேகங்கள் தயாராகவே இருக்கின்றன. ஆனால் அது சுத்தமாக மாற்றிவிடும். கரகரப்புக்கு இடையில் ஒரு பிட்கிரஷர் (பிட் அளவைக் குறைக்கும் எஃபெக்ட்) வைக்க வேண்டும்.

பின்சேர்க்கை

பின்னூட்டங்களில் அதிகம் வந்த புகார்: ‘முதல் பாகம் சரி, ஒன்பதாவது பாரில் தனியாகப் பதிவு செய்த பாகம் மட்டும் தள்ளிப்போய் நிற்கிறது.’ துண்டின் நீளம்தான் சுருங்குகிறது, அது தொடங்கும் இடம் நகர்வதில்லை. மெதுவான பீட்டில் ஒன்பதாவது பார் 26.67 வினாடியில் தொடங்கும், அசலில் 21.33-இல். துண்டின் தொடக்க நேரத்தை 0.8-ஆல் பெருக்கி, அங்கே இழுத்து வையுங்கள்.

டேப்பில் செய்ய விரும்புகிறவர்களுக்கு: நாலு ட்ராக் கேசட் இயந்திரத்தின் பிட்ச் குமிழ் இரு பக்கமும் 12 சதவீதம் போகும் என்றால், பீட்டைக் குமிழ் முழுக்க மேலே இருக்கும்போது ஏற்றுங்கள். குரலை முழுக்கக் கீழே வைத்துப் பதியுங்கள். திரும்ப மேலே கொண்டுபோனால் 1.12 ÷ 0.88, சுமார் 1.27 மடங்கு கிடைக்கும்.