கடலோரத்தில் வீட்டுப் பூவுக்கு வாடிக்கை பிடிப்பது

மதுரைப் பக்கத்து மல்லித் தோட்டங்களுக்கே நாற்று தங்கச்சிமடத்திலிருந்துதான் போகிறது. ஆனால் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் பெண்கள் தலையில் வைக்கிற பூவில் பெரும்பங்கு மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மூட்டை கட்டி, பஸ் ஏறி வருவது. கடைக்கு வந்து இறங்கும்போதே அதன் ஆயுளில் பல மணி நேரம் போயிருக்கும். கொல்லையில் ஐம்பது, நூறு செடி வைத்திருப்பவர் விலையில் மொத்த வியாபாரியோடு மோதினால் கை சுடும். விடியலில் பறித்து மூன்று மணி நேரத்துக்குள் வாசலில் கொடுப்பேன் என்றால் மொத்த வியாபாரியால் மோத முடியாது. பூ விலை பிறகு. முதலில் விற்க வேண்டியது இந்த நேரத்தைத்தான்.

ஆள் தேடக் கிளம்பும் முன் கையில் எவ்வளவு பூ இருக்கும் என்று கணக்குப் போடுங்கள். நன்றாகப் பராமரித்த குண்டுமல்லிச் செடி வருடத்துக்கு ஒன்றேகால் கிலோ வரை தரும். நூறு செடிக்கு 125 கிலோ. அதிலும் பெரும்பகுதி மார்ச் முதல் ஜூன் வரை கொட்டிவிடும். அந்த நான்கு மாதத்தில் நாளுக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ கிடைக்கும். உப்புத் தண்ணீர் பாய்கிற இடமென்றால் குறைத்தே போடுங்கள். நவம்பரில் கவாத்து செய்தபின் (கிளைகளை வெட்டிவிட்டபின்) பிப்ரவரி வரை மல்லி கைப்பிடி அளவுதான். ஆகவே மல்லியை மட்டும் நம்பி வாடிக்கை பிடித்தால் தை மாதம் தலைமறைவாக வேண்டியிருக்கும். மணலும் உப்புக்காற்றும் தாங்குகிற அரளி, நந்தியாவட்டை, துளசி ஆகியவற்றோடு ஒரு பாத்தி சம்பங்கியும் ஒரு பாத்தி கோழிக்கொண்டையும் இருந்தால் வருடம் முழுவதும் கையில் ஏதாவது இருக்கும். அரளி விஷம், ஆடும் குழந்தையும் எட்டாத வேலியோரத்தில் வையுங்கள்.

அடுத்தது முழம். சமையலறைத் தராசில் 100 கிராம் மொட்டை நிறுத்து, நீங்கள் வழக்கமாகக் கட்டுகிற நெருக்கத்திலேயே கட்டி, எத்தனை முழம் வருகிறது, எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதி வையுங்கள். கை முழம் ஆளுக்கு ஆள் மாறும். மாலை நேரத்தில் அதே கைக்குமே கொஞ்சம் சுருங்கும்! மரச்சட்டத்தில் 45 செ.மீ. தூரத்தில் இரண்டு ஆணி அடித்து, வாங்குபவர் கண்முன் அதில் வைத்து அளந்து கொடுங்கள். தெருவில் பேச்சு பரவுவதற்கு இதைவிட மலிவான விளம்பரம் கிடையாது.

முதலில் கடைப் படங்கள்

பலரும் கல்யாண ஆர்டரைத் தேடித்தான் முதலில் ஓடுகிறார்கள். அது தப்பு. தொடங்க வேண்டிய இடம் கடைவீதியில் கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கிற சாமி படம். மளிகை, நகைக்கடை, மருந்துக்கடை, வலைக்கடை, லாட்ஜ் என எதுவானாலும் கடை திறந்ததும் படத்துக்குப் பூ வேண்டும். பூ வாங்கப் போகிற பையன் சில நாள் வரமாட்டான், சில நாள் வாடியதைக் கொண்டுவருவான். இந்தத் தொல்லையை வாங்கிக்கொள்ளத்தான் உங்களுக்குக் காசு.

மதியம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் போங்கள். கையில் ஒரு நூல் இருக்கட்டும். படத்தின் ஒரு மேல் மூலையிலிருந்து கீழே தொங்கி மறு மூலை வரை நூலைப் பிடித்து அளந்து, கடைப் பெயரோடு நோட்டில் எழுதுங்கள். மறுநாள் காலை அதே அளவில் ஒரு சரத்தைக் கட்டி இலவசமாகப் போட்டுவிட்டு, விலையும் போன் நம்பரும் உள்ள சீட்டைக் கொடுங்கள். மூன்றாம் நாள் போய்க் கேளுங்கள். அளந்து கட்டிய சரம் படத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருப்பதை முதலாளி கவனித்திருப்பார். வெறும் பேச்சோடு போனால் "பார்க்கலாம்மா" என்று அனுப்பிவிடுவார்.

நேற்றைய காய்ந்த பூவை நீங்களே எடுத்துப் போங்கள். காய்ந்த பூவைக் குப்பையில் போட மனம் வராமல் படத்துக்குப் பின்னாலேயே செருகி வைத்திருப்பார்கள்; அதை எடுத்து, நாரைப் பிரித்துவிட்டு உரக்குழியில் போட்டால் உங்களுக்கு உரம். இந்த ஒரு வேலைக்காகவே மற்றவரிடம் மாறாத கடைகள் உண்டு. ஒரு கடைக்கு நாளுக்கு 20 ரூபாய் என்று வைத்தாலும் பன்னிரண்டு கடைக்கு 240. மாதம் 26 நாளில் 6,240 ரூபாய். செலவில் பெரியது நடைதான். அதனால் கடைகள் ஒரே தெருவில், அல்லது அடுத்தடுத்த இரண்டு தெருவில் இருக்க வேண்டும். ஊருக்கு மறுகோடியில் ஒரே ஒரு கடை கிடைத்தால் விட்டுவிடுங்கள்.

தலைப்பூ

இதற்கு இரண்டு நேரம். காலை 7 முதல் 8 வரை ஆசிரியைகள், செவிலியர்கள், ஆபீஸ் போகிற பெண்கள். மாலை 4 முதல் 6 வரை வீட்டில் இருப்பவர்கள். காலையில் பறித்த மல்லி மொட்டு அந்தி சாயும்போதுதான் விரியும், அதனால் மாலை வாடிக்கைக்கு மல்லி தானாகவே பொருந்தும். காலை வாடிக்கைக்கு நான்கு மணிக்கெல்லாம் டார்ச் வெளிச்சத்தில் பறித்துக் கட்ட வேண்டும். ஆள்பலம் இல்லாத வீட்டில் கனகாம்பரத்தை முந்தின நாள் மாலையே கட்டி வைத்துக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது.

மகளிர் குழுக் கூட்டம் நடக்கும் நாளில் ஐந்தாறு முழம் கொண்டுபோய் அரை முழமாக நறுக்கிக் கொடுங்கள். ஒருவர் பத்துப் பேருக்குச் சொல்வார். அதன்பின் வேலை வாட்ஸ்அப்பில். குரூப் வேண்டாம்; குட் மார்னிங் படங்களுக்கு நடுவே உங்கள் பூ காணாமல் போகும். ஒரே செய்தியை எல்லோருக்கும் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும். ஆனால் உங்கள் நம்பரை அவர்கள் தங்கள் போனில் சேமித்திருந்தால்தான் அதில் செய்தி போகும், அதனால் நம்பர் வாங்கும்போதே எதிரிலேயே சேமிக்கச் சொல்லுங்கள். செய்தி இப்படி இருந்தால் போதும்: "அக்கா, நாளை வெள்ளி. மல்லி 18 முழம், கனகாம்பரம் 6 முழம் இருக்கு. ராத்திரி 8 மணிக்குள்ள சொல்லுங்க. காலை 7 மணிக்கு வாசலில் தருவோம்." இருப்பைச் சொன்னால்தான் ராத்திரியே பதில் வரும். சொல்லாவிட்டால் மறுநாள் பத்து மணிக்கு "பூ இருக்காம்மா?" என்று கேட்பார்கள்.

கோயில், சர்ச், தர்கா, படகு

பெரிய கோயில்களுக்குப் பூ போடுவது குத்தகை விவகாரம்; வீட்டு வியாபாரம் அங்கே நுழைய முடியாது. தெரு முக்குப் பிள்ளையார், குலதெய்வக் கோயில், கடலோரத்து அம்மன் கோயில் பூசாரிகளைப் பாருங்கள். ராமேஸ்வரத்தில் ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் அக்னி தீர்த்தக் கரையில் தர்ப்பணம் செய்துவைக்கும் புரோகிதர்களுக்கு உதிரிப்பூவும் துளசியும் கிலோக் கணக்கில் வேண்டும். ஒரே ஒரு புரோகிதரிடம் ஒரு வாரம் முன்பே பேசி, அளவையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள். வடநாட்டு யாத்ரீகர்களை நம்பிக் கட்டுப்பூ கட்ட வேண்டாம். அவர்கள் தேடுவது பூஜைக்கு உதிரிப்பூவும் கேந்தி (செண்டுமல்லி) மாலையும்.

இந்தக் கரையில் மூன்று மதத்தின் நாட்காட்டியையும் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் கிடையாது, ஆனால் ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயில்களுக்கு அரளி போகும், மார்கழித் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கை பக்கம் பூவுக்கு அடிபிடி. தவக்காலத்தில் சர்ச்சுகளில் கல்யாணமும் இல்லை, பீட அலங்காரமும் குறைவு. அதற்கும் சேர்த்து ஈஸ்டர் இரவுக்கு வெள்ளைச் சம்பங்கித் தண்டு கேட்பார்கள். பிப்ரவரி 4 ஓரியூர் அருளானந்தர் திருவிழா. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு அக்டோபர் கடைசி வாரத்திலேயே பங்குச் சர்ச்சில் சொல்லி வையுங்கள். இஸ்லாமிய மாதங்கள் வருடத்துக்குப் பதினோரு நாள் போல முன்னால் நகரும். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழா வரும் துல்கஃதா மாதம் எந்த ஆங்கிலத் தேதியில் விழுகிறது என்று வருடா வருடம் பார்க்க வேண்டும். தர்காவுக்குப் பூப்போர்வை கட்டுவது தனி வேலை. நீள அகலம் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடலின் நாட்காட்டி இன்னும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், துறைமுகத்தை நம்பிய தெருக்களில் கையில் காசு இருக்காது. மல்லி கொட்டுவதும் விலை விழுவதும் சரியாக இதே நாட்களில்தான். வாடிக்கை முழுவதையும் மீனவர் தெருக்களிலேயே வைத்திருப்பவர் இந்த இரண்டு மாதம் பூவைக் கொட்ட வேண்டியதுதான். அதனால் பாதி வாடிக்கையாவது மாதச் சம்பளக்காரர்களிடமும், கீழக்கரை, பெரியபட்டினம் போல வெளிநாட்டுச் சம்பளம் வருகிற ஊர்களிலும் இருக்க வேண்டும். அதே தடைதான் ஒரு நல்ல ஆர்டரையும் தருகிறது: தடை முடிந்து படகு இறங்கும்போது அதன் அணியத்துக்கு (முன்முனைக்கு) மாலை போட்டுத்தான் இறக்குவார்கள். ஜூன் முதல் வாரத்திலேயே படகு உரிமையாளர்களைப் பார்த்து, மாலை நீளத்தைக் கயிறு பிடித்து அளந்து வந்துவிடுங்கள். காற்றில் மல்லி உதிரும். படகு மாலைக்குக் கேந்தியும் கோழிக்கொண்டையும் நைலான் நூலில் கோத்தால்தான் நிற்கும்.

கல்யாணம்

மேடை அலங்காரம் உங்கள் வேலையில்லை. அதற்கு ஆள், வண்டி, நுரைப்பலகை, ராத்திரி முழுக்க விழிப்பு எல்லாம் வேண்டும். வீட்டிலிருந்து செய்ய ஏற்றது மணப்பெண் ஜடைப்பூ, வேணி (கொண்டையைச் சுற்றி வைக்கும் பூ), உறவுக்காரப் பெண்களுக்கான முழப்பூ, வரவேற்பு மேஜைக்கான சம்பங்கித் தண்டு. இதற்கு வழி மண்டப மேனேஜரைவிட மணப்பெண் அலங்காரம் செய்யும் பியூட்டிஷியன்தான். அவருக்குத் தேவை காலை நான்கு மணிக்குத் தவறாமல் கையில் பூ. ஒரு மாதிரி வேணி செய்து கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கமிஷன் எவ்வளவு என்பதையும் அன்றே பேசிவிடுங்கள்.

பாதி முன்பணம் வாங்காமல் நாரை நனைக்கக் கூடாது. முகூர்த்த நாளில் தினசரி வாடிக்கைக்குப் பூ நின்றுபோனால் கல்யாண லாபத்தைவிட நஷ்டம் பெரிது. அன்றாடக் கடைகளுக்கான பூவைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதிக்குத்தான் ஆர்டர் எடுங்கள்.

கெட்டுப்போகிற இடங்கள்

கடற்கரை வீடுகளில் காலி தெர்மாகோல் பெட்டிக்குப் பஞ்சமில்லை. அதில் பூ வைக்கவே வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் மீன் வாடை போகாது. மல்லியும் அதை இழுத்துக்கொள்ளும். ஒரு முழத்தில் வாடை வந்தால் அந்த வீட்டு வாசல் அதோடு மூடிக்கொள்ளும். புதுப் பெட்டி வாங்கி, மேலே "பூ" என்று எழுதி வீட்டுக்குள் வையுங்கள்.

மொட்டைத் தண்ணீரில் கழுவக் கூடாது. இறுக்கிக் கட்டிய பாலித்தீன் பையும் கூடாது. வேர்த்து, விளிம்பு பழுப்பாகும். பிழிந்த ஈரத்துணி, அதற்கு மேல் வாழை இலை, அவ்வளவுதான். ஐஸ் வைத்தால் பூவில் படாமல் நடுவே மடித்த துணி இருக்கட்டும். ஃப்ரிட்ஜில் வைப்பதென்றால் வாழைப்பழமும் மாம்பழமும் கூட இருக்கக் கூடாது, பழத்திலிருந்து கிளம்பும் வாயு பூவைச் சீக்கிரம் தளர்த்திவிடும். சம்பங்கித் தண்டை அடியில் இரண்டு மூன்று பூ விரிந்ததும் வெட்டி உடனே தண்ணீரில் நிறுத்துங்கள். லாட்ஜில் கொடுக்கும்போது அடியை மறுபடி ஒரு அங்குலம் சாய்வாக நறுக்கிவிட்டுக் கொடுங்கள்.

விலை விஷயத்தில், மார்க்கெட்டில் மல்லி கிலோ சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை ஏறி இறங்கும். தினசரி வாடிக்கைக்கு அப்படி ஏற்றி இறக்கினால் ஓடிவிடுவார்கள். விலையை ஆறு மாதத்துக்கு ஒன்றாக வைத்து, பூவை மாற்றுங்கள். கோடையில் முழுக்க மல்லி, மார்கழியில் அரளியும் நந்தியாவட்டையும் கட்டி நடுவே நாலு மல்லி. இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மார்கழியில் போய்ச் சொன்னால் ஏமாற்றியதாகத்தான் படும்.

கடன் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். சனிக்கிழமை கணக்கு முடிப்பது என்று வைத்து, கியூஆர் அட்டையைப் பூக்கூடையிலேயே தொங்கவிடுங்கள். இரண்டு சனிக்கிழமை தவறியவருக்குத் திங்கள் முதல் பூ இல்லை. சண்டை போடாமல் நிறுத்திவிடுங்கள். பழைய பாக்கியோடு பெரும்பாலும் அவர்களே வருவார்கள்.

கொல்லையை மிஞ்சி ஆர்டர் வந்தால் பக்கத்து வீட்டுச் செடிகளைப் பேசி வையுங்கள். அன்றைய மார்க்கெட் விலைக்கு எடையாக வாங்குவது, கட்டுக்கூலி தனி, ஐந்தரை மணிக்குள் மொட்டு கைக்கு வர வேண்டும் என்ற மூன்றையும் முன்பே முடிவு செய்துகொண்டால் பின்னால் வம்பில்லை.