ஆரோனின் உடையைப் படிப்படியாக வரைந்து புரிந்துகொள்வது எப்படி?

இஸ்ரவேலரின் முதல் பிரதான ஆசாரியரான (தலைமைக் குருவான) ஆரோனின் உடையைச் சொல்லும் வேதாகம அதிகாரம் யாத்திராகமம் 28. அதை முதல்முறை வாசிக்கிறவர்கள் பலரும் வளையம், சங்கிலி, நாடா என்று வரும் இடத்தில் பக்கத்தைத் தள்ளிவிடுவார்கள். அது தைக்கிறவருக்கான அதிகாரம். உடுத்தும் வரிசை லேவியராகமம் 8:7-9-ல் இருக்கிறது. நமக்கு அதுதான் வசதி. ஒரு தாளில் ஆள் உருவம் ஒன்றை வரைந்து, கலர் பென்சில்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: சல்லடம், உள்சட்டை, இடைக்கச்சை

உடலை மறைக்கும் அடிப்படை உடுப்பு. சல்லடம் என்பது உள் காற்சட்டை. சாதாரண ஆசாரியர்களுக்கும் உண்டு. செருப்பு வரையாதீர்கள், உடைப் பட்டியலில் காலணியே கிடையாது.

படி 2: அங்கி

முழுக்க இளநீலம். கழுத்துத் துவாரம் கிழியாதபடி சுற்றிலும் நெய்த விளிம்பு. கீழ் ஓரத்தில் ஒரு பொன்மணி, ஒரு மாதளம்பழம் என்று மாறி மாறி வரும். மணிக்குக் காரணம் 28:35-லேயே இருக்கிறது: போகும்போதும் வரும்போதும் சத்தம் கேட்க வேண்டும், அவன் சாகாதபடிக்கு. மாதுளைக்குக் காரணம் சொல்லப்படவில்லை. உபாகமம் 8:8 அதைக் கானான் தேசத்தின் விளைச்சலில் ஒன்றாக எண்ணுகிறது. அதற்குமேல் இழுக்க வேண்டாம்.

படி 3: ஏபோத்து

அங்கிக்கு மேல் அணியும், தோள்பட்டைகளுள்ள மேலாடை இது. இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். பொன்னைத் தகடாக அடித்து, இழை இழையாக வெட்டி, இளநீலம், இரத்தாம்பரம் (ஊதா), சிவப்பு நூல்களோடு சேர்த்து நெய்தார்கள் (யாத்திராகமம் 39:3). இஸ்ரவேலர் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் திரைச்சீலைக்கும் இதே மூன்று நிறங்கள்தான். அதாவது, கூடாரத்தின் நிறங்களையே ஆரோன் உடுத்தியிருக்கிறார். இரத்தாம்பரச் சாயம் கடல் நத்தையிலிருந்து எடுப்பது. இன்றைய இஸ்ரவேல் நாட்டின் திம்னாவில் கிடைத்த, ஏறக்குறைய 3000 ஆண்டுப் பழமையான அப்படிப்பட்ட கம்பளி நூல்களைப் பற்றி 2021-ல் அறிவித்தார்கள்.

தோள்களில் 2 கற்கள். கல்லுக்கு 6 பெயர் வீதம், இஸ்ரவேலின் (யாக்கோபின்) குமாரர் 12 பேரையும் பிறந்த வரிசைப்படி எழுதுங்கள்.

படி 4: மார்ப்பதக்கம்

இரட்டையாய் மடித்தால் சாண் நீளம், சாண் அகலம். 4 வரிசையில் 12 கற்கள். அதே கோத்திரப் பெயர்கள் தோளிலும் இருக்கின்றன, நெஞ்சிலும் இருக்கின்றன: ஜனங்களைச் சுமக்கிறார், நினைவிலும் வைத்திருக்கிறார். சலிப்பூட்டிய அந்த இளநீல நாடாவுக்கு வேலையே, பதக்கம் ஏபோத்தை விட்டு விலகாமல் கட்டுவது. ஒவ்வொரு கல்லுக்கும் தனி 'குணம்' சொல்லும் இணைய அட்டவணைகளை நம்பி இறங்காதீர்கள். வேதத்தில் அப்படி எதுவும் இல்லை. முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் அவற்றை 12 மாதங்களோடு ஒப்பிட்டார், அது அவருடைய வாசிப்பு.

படி 5: பாகை

அதன் முன்பக்கம் பொற்பட்டம்: "கர்த்தருக்குப் பரிசுத்தம்." சரி, படம் முடிந்தது.

படி 6: அழியுங்கள்

ஆமாம், அழிப்பான் எடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, பாவநிவிர்த்தி நாளில், கூடாரத்தின் உள் அறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போக அவர் சணல்நூல் சட்டை, சல்லடம், கச்சை, பாகை மட்டுமே தரிக்க வேண்டும் (லேவியராகமம் 16:4). பொன் இல்லை, பெயர்கள் இல்லை. இஸ்ரவேலர் விக்கிரகமாகச் செய்து வணங்கிய பொன் கன்றுக்குட்டியை நினைப்பூட்டும் பொன் அங்கே எதற்கு என்கிறது யூத மரபு.

அப்புறம், பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்களே: உள்ளே போகும் பிரதான ஆசாரியரின் காலில் கயிறு, மணிச் சத்தம் நின்றால் வெளியே இழுப்பார்கள் என்று. கயிறு வேதத்தில் எங்கும் இல்லை. மணி தொங்கும் அங்கியும் அந்நேரம் அவர் மேல் இல்லை.