பதம் பிரி, பிறகு அசை பிரி: தாவரவியல் சொற்களை வாசிக்கும் வழி

தாவரவியலில் பிள்ளைகளை மிரட்டுவது பாடம் அல்ல, சொற்கள். பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், பெரணி இனத்தைக் குறிக்கும் ‘டெரிடோஃபைட்’ என்ற சொல்லை ‘பிடெரிடோஃபைட்’ என்று உரக்க வாசித்தேன். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு பழகிக்கொண்ட முறை இது. பென்சில் ஒன்று போதும், சொல்லை இரண்டு விதமாகக் கோடு போட்டுப் பிரிக்க.

முதல் கோடு பொருளுக்கு. இந்தச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்கத் துண்டுகளை ஒட்டிச் செய்தவை. மோனோ ஒன்று, டை இரண்டு, பாலி பல. ஸீரோ வறட்சி, ஹைட்ரோ நீர், எபி மேலே. ஃபைட் என்று முடிந்தால் தாவரம். பொட்டலில் குடை விரித்து நிற்கும் உடைமரம் ஸீரோஃபைட்; வாய்க்காலை அடைக்கும் ஆகாயத்தாமரை ஹைட்ரோஃபைட்; மாஞ்சோலை ஏறும் வழியில் மரக்கிளையைப் பற்றி வளரும் ஆர்க்கிட் எபிஃபைட்.

எனக்குப் பிடித்தது டையீஷியஸ். டை, ஆய்க்கோஸ்: இரண்டு வீடு. ஆண் பூவுக்கு ஒரு மரம், பெண் பூவுக்கு வேறு மரம். உடன்குடிப் பக்கம் பனையேறுபவரிடம் கேளுங்கள். அலகுப்பனை இது, பருவப்பனை அது என்று கைநீட்டிக் காட்டுவார். அலகுப்பனையின் பாளை விரல் விரலாக நீளும், பதநீர் தரும், காய் மட்டும் பிடிக்காது. நுங்கு வேண்டுமென்றால் பருவப்பனைதான். தென்னையோ மோனீஷியஸ், ஒரே பாளைக்குள் இரண்டு பூவும் குடித்தனம்.

இரண்டாவது கோடு ஓசைக்கு. தடுமாறுவது இங்கேதான். செய்யுளை அலகிட்டவர்களுக்கு இது புதிதல்ல. காடு + எல்லாம் என்று பதம் பிரிக்கிறோம். வாயில் வருவதோ கா-டெல்-லாம். உகரம் ஓடிவிட, டகரம் அடுத்த அசைக்குத் தாவுகிறது. மோனோ + ஆண்ட்ரஸ் என்பதும் அப்படித்தான். உயிரைக் கண்டதும் ஓகாரம் ஓடிவிடும், வாசிப்பது மொ-னான்-ட்ரஸ். ஒற்றை மகரந்தத்தாள் என்று பொருள். தாவரங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் 1753இல் இந்த ஒற்றைத்தாள் வகுப்பில் வைத்த கல்வாழை நம் வீட்டு முற்றங்களில் நிற்கிறது. கிரேக்க ‘ஆண்ட்ர்’ ஆணைக் குறிப்பதைப் பார்த்துத் தமிழ் ‘ஆண்’ என்ற சொல்லோடு உறவு கொண்டாட வேண்டாம், வெறும் ஒலி ஒற்றுமை.

ஆக, இரண்டு கோடும் ஒரே இடத்தில் விழாது. பயப்படாமல் இரண்டையும் போடுங்கள்.

பிறகு அழுத்தம். ஃபைட் சொற்களில் கடைசியிலிருந்து மூன்றாவது அசையை அழுத்தினால் பெரும்பாலும் சரியாக வரும்: ஸீ-ரோ-ஃபைட்டில் ஸீ, டெ-ரி-டோ-ஃபைட்டில் ரி.

வகுப்பைச் சிரிக்கவைத்த அந்த ‘பி’? ஆங்கிலத்தில் பி (p), டி (t) இரண்டும் சேர்ந்து சொல்லைத் தொடங்கினால் பி ஊமை. சொல்லின் நடுவில் வந்தால் முந்தைய அசையில் ஒண்டிக்கொண்டு பேசும். ஹெலிகாப்டரைப் பிரித்துப் பாருங்கள். பொருளுக்கு ஹெலிகோ, டெரான்: சுருள், சிறகு. ஓசைக்கு ஹெ-லி-காப்-டர். பெரணிக்குப் பெயர் தந்ததும் இதே சிறகுதான். பெரணி இலையைக் கையில் எடுத்தால் ஏன் என்று தெரியும்.