அம்மாவின் லாக்கர் சாவி

அப்பா போன பிறகு பேங்க் லாக்கர் அம்மா பெயரில் மட்டும்தான் இருந்தது. ஒரே சாவி, மஞ்சள் கயிற்றில் கட்டி அரிசி டிரம்முக்குள் வைத்திருப்பார். போன வருடம் அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தபோது, தங்கையின் வளைகாப்புக்கு நகை எடுக்கப் போனேன். சாவி கையில் இருந்தும் பேங்கில் விடவில்லை. அவர்களுடைய மாஸ்டர் சாவியும் நம் சாவியும் சேர்ந்து திரும்பினால்தான் லாக்கர் திறக்கும். அதற்கு முன் பதிவேட்டில் உரியவர் கையெழுத்து வேண்டும். அன்று அம்மா அழுதது இன்னும் மனதில் நிற்கிறது.

அவர் நடக்க ஆரம்பித்ததும் அம்மா, நான், தங்கை மூவரும் நேரில் போய், மூவர் பெயரிலும் புது ஒப்பந்தம் போட்டோம். 'யாராவது ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறையைக் கேட்டு வாங்குங்கள். 'கூட்டாக' என்று எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் எல்லோரும் போக வேண்டும். நாமினியும் பதிவு செய்தோம். அப்புறம், 2022 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி லாக்கரைத் திறந்த அன்றே எஸ்எம்எஸ் வர வேண்டும். அம்மாவின் பழைய எண்ணை மாற்றிக் கொடுத்தேன். சாவி தொலைந்தால் உடைத்துத் திறக்கும் செலவு நம்முடையது, அதனால் அது இப்போது பீரோவில்.

லாக்கருக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்தோம்: தேதி, எடுத்தது, வைத்தது, கையெழுத்து. முதல் வரியை அம்மா எழுதினார்: "காசுமாலை, சின்னவளுக்கு."